ஆழமாய் நட்ட ஒரே கொடி

பச்சையாய் இருக்கும் கிளெமாட்டிஸ் கொடியை மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினால், அடுப்பில் மிளகாய் விழுந்ததுபோல் ஒரு காரப்புகை எழுந்து மூக்கில் ஏறித் தொண்டையைப் பிடித்துக்கொள்ளும். பத்து வயதில் அந்தப் புகைக்குள் நின்று, இருமிக்கொண்டே, கொடிகளை ஒவ்வொன்றாக நெருப்பில் தூக்கிப் போட்டவள் நான். கேமரன் மலையில் ரிங்லெட்டுக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அந்தப் பெயர் யார் வாயிலும் நுழையாது. துரை பங்களாவுக்காக வந்த செடி என்பதால் கூலிக்காரர்கள் குடியிருந்த லயன் வீடுகளில் எல்லாரும் அதைப் "பங்களாக் கொடி" என்றுதான் சொன்னார்கள். நாங்கள் எதை எரிக்கிறோம் என்பது அன்று எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு நான் செய்ததை நினைத்தால்தான் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

என் அம்மா கொழுந்து பறிக்கப் போனவர். ஒரு மழைக்காலத்தில், கூடையோடு சரிவில் வழுக்கி விழுந்து வலது முட்டியைக் கெடுத்துக்கொண்டார். மடக்கினால் நிமிராது, நிமிர்த்தினால் மடங்காது, அப்படி ஒரு முட்டி. அந்த முட்டியை வைத்துக்கொண்டு மலை ஏறுவது நடக்காத காரியம். வேலையில்லை என்றால் லயன் வீடும் இல்லை என்பது தோட்டத்தில் பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். அப்பா ஃபேக்டரியில் தற்காலிகக் கூலிதான், வீடு அம்மாவின் பெயரில் கிடைத்தது. அம்மா தோட்டத்து ஆபிஸ் வாசலில் நான்கு நாள் நின்ற பிறகு, ஆபிஸ் கணக்கரான கிராணி மனம் இரங்கி அவரைத் தேயிலைக் கன்றுகள் வளர்க்கும் நர்சரிக்கு மாற்றினார். உட்கார்ந்து கறுப்புப் பிளாஸ்டிக் பைகளில் மண் நிரப்பும் வேலை. "மூணு மாசம் பாப்போம். சரிப்பட்டு வரலன்னா மறுபடி மலைக்குத்தான்லா" என்று கிராணி சொன்னதை அம்மா வீட்டில் வந்து சொன்னபோது, அவர் முகத்தில் பயம்தான் இருந்தது.

புதிதாக ஒரு வேலைக்குப் போனவர்கள் அந்த வேலையின் சட்டங்களை எப்படி இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள் என்பதை நான் அம்மாவிடம்தான் பார்த்தேன். நர்சரியில் அவருக்குச் சொல்லிக்கொடுத்தவை இரண்டே இரண்டு. கன்றின் தண்டும் வேரும் சேருமிடத்தைக் "கழுத்து" என்பார்கள். அந்தக் கழுத்துக்கு மேல் மண் ஏறவே கூடாது, ஏறினால் கன்று அழுகிவிடும். இது ஒன்று. ஏதாவது ஒரு கன்று வாடித் தலை தொங்கினால் யாரையும் கேட்காமல் அப்போதே வேரோடு பிடுங்கி எரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வரிசை வரிசையாக எல்லாம் போய்விடும். இது மற்றது. அம்மா சோறு பிசையும்போதுகூட இவற்றைச் சொல்லிக்கொண்டிருப்பார். தேயிலைக்கு இரண்டும் சரியான சட்டங்கள்தாம். அவற்றில் எனக்கு இப்போதும் குறை சொல்ல எதுவும் இல்லை.

இந்தச் சமயத்தில்தான் துரையின் மனைவிக்குப் பங்களா வாசலில் ஊதாப் பூப்பந்தல் வேண்டும் என்று ஆசை வந்தது. பங்களாவில் பூச்செடிகளைப் பார்த்துக்கொண்ட ஆறுமுகம் மாமா, "கொண்டாந்து வளத்துத் தர்றேன்மா" என்று வாக்குக் கொடுத்து, திரிங்காப்பில் ஒரு சீனரின் பூத்தோட்டத்திலிருந்து இருபது கிளெமாட்டிஸ் கன்றுகளை லோரியில் ஏற்றிக் கொண்டுவந்தார். பூத்தோட்ட வேலைக்காரர் என்பதால் அவருக்குக் "கெபுன் ஆறுமுகம்" என்று பெயர். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் எப்போதும் நாரும் கத்திரியும் வைத்திருப்பார், செடிகளோடு தனியாகப் பேசுவார் என்று லயனில் கிண்டல் செய்வார்கள். பங்களாவுக்குப் பின்னால் இருந்த இரண்டு அறைகளில் மனைவியோடும் மகள் கமலாவோடும் இருந்தார். அவருக்கும் எங்களைப் போலத்தான், வேலை இருக்கும்வரை வீடு.

கன்றுகள் ஒவ்வொன்றும் விரல் நீளம்தான் இருந்தன. நேரே தரையில் நட்டால் நத்தை தின்றுவிடும், மழை அடித்துவிடும். அதனால் சில மாதம் பூச்சட்டியில் வைத்து வேரைத் திரட்டி, தண்டு கெட்டியான பிறகுதான் பந்தலுக்குக் கொண்டுபோக வேண்டும். நிழல் வலை கட்டிய இடம் நர்சரியில்தான் இருந்தது. கிராணி இருபதையும் அம்மாவிடம் ஒப்படைத்தார். வேலை நிலைக்குமா நிலைக்காதா என்பதே இனி அந்த இருபது சட்டிகளில் இருக்கிறது என்று அம்மா முடிவு செய்துகொண்டார்.

முதல் நாளே சண்டை வந்துவிட்டது. ஆறுமுகம் மாமா ஒரு கன்றை எடுத்து, சட்டியின் பாதி ஆழத்துக்குக் குழி பறித்து, தண்டில் இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி இறக்கினார். அம்மா பதறிப்போய் அவர் கையைப் பிடித்துவிட்டார்.

"என்னண்ணே பண்றீங்க? கழுத்த மூடுறீங்களே, அழுகிடாதா?"

"இது தேயில இல்ல தங்கச்சி. இத ஆழமாத்தான் வைக்கணும். மேல என்ன ஆனாலும் கீழேருந்து வரும்."

"எனக்குச் சொல்லிக்குடுத்தது வேறண்ணே. ஒண்ணு செத்தாலும் கிராணி என்னையத்தான் கேப்பாரு."

அவர் தலையைச் சொறிந்துகொண்டார். பிறகு, "சரி, இந்த ஒண்ணையாச்சும் என் இஷ்டத்துக்கு விடு" என்றார். அந்த ஒன்று மட்டும் ஆழமாகப் போனது. மற்ற பத்தொன்பதையும் அம்மா கழுத்துத் தெரிய, தேயிலைக் கன்று வைப்பதுபோலவே வைத்தார். மாமா தன் சட்டியின் மண்மேல் நாலைந்து கூழாங்கற்களைப் பரப்பி, "வேரு குளுகுளுன்னு இருக்கணும், தல வெயில்ல இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா அவர் போன பிறகு என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

அதற்குப் பிறகு வந்த இரண்டரை மாதமும் எங்கள் வீட்டில் சந்தோஷமான நாட்கள் என்று சொல்ல வேண்டும். பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேரே நர்சரிக்கு ஓடுவேன். அந்தக் கொடிக்குச் சுருள்கம்பி எதுவும் கிடையாது, இலைக்காம்பாலேயே பிடித்துக்கொண்டு ஏறும். காலையில் நேராக இருந்த காம்பு மாலையில் பார்த்தால் மூங்கில் குச்சியைச் சுற்றி முடிச்சுப் போட்டிருக்கும், குச்சி கிடைக்காவிட்டால் பக்கத்துச் சட்டிக்காரியின் கழுத்தைப் பிடித்திருக்கும். அவற்றை ஒடியாமல் பிரித்துவிடுவது என் வேலை. தண்டு அத்தனை மெலிசு, மூச்சுப் பட்டாலே ஒடிந்துவிடுமோ என்று பயமாக இருக்கும். நுனியைக் கிள்ளிவிட்டால் இரண்டாகக் கிளைக்கும் என்று மாமா சொன்னதை மட்டும் அம்மா மறுபேச்சில்லாமல் கேட்டார், தேயிலையிலும் அப்படித்தான் என்பதால். கொடிகள் குச்சி உயரத்துக்கு வந்தன. கிராணி ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு, "பரவால்லையே" என்றார். அன்று அம்மா ரிங்லெட்டுக்கு ஆள் அனுப்பி மட்டன் வாங்கிக் குழம்பு வைத்தார்.

மூன்றாம் மாதம் முடிய இரண்டு வாரம் இருந்தபோது அது நடந்தது. விடாமல் நாலு நாள் மழை, பிறகு சுள்ளென்று ஒரு வெயில். ஞாயிற்றுக்கிழமை எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. திங்கட்கிழமை காலை போனால் பதினோரு கொடிகள் தலை தொங்கி நின்றன. வாடிய செடியை நான் பார்த்திருக்கிறேன், இது அந்த மாதிரி இல்லை. முந்தின நாள் பச்சையாக இருந்த இலைகள் நரம்பு நரம்பாகக் கறுத்து, தண்டு முழுவதும் வெந்நீர் ஊற்றியதுபோல் துவண்டிருந்தது. என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பக்கூட அம்மாவுக்குத் தோன்றவில்லை. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மதியத்துக்குள் மீதி ஒன்பதும் தொங்கிவிட்டன, மாமா ஆழமாக வைத்தது உட்பட.

இரண்டு அடி தள்ளி ஆயிரக்கணக்கான தேயிலைக் கன்றுகள் வரிசையாக இருந்தன. அம்மா அவற்றைப் பார்த்தார், கொடிகளைப் பார்த்தார், பிறகு கெட்ட காலை நீட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து பிடுங்க ஆரம்பித்துவிட்டார். நான் அள்ளிக்கொண்டுபோய்ப் போட்டேன். பத்தொன்பது கொடிகளும் வேரோடு சுலபமாக வந்தன. இருபதாவது மட்டும் வரவில்லை. இழுத்த வேகத்தில் தண்டு மண்மட்டத்தில் அறுந்து, வேர் உள்ளேயே நின்றுவிட்டது. "அப்புறம் தட்டிக் கொட்டலாம்" என்று அம்மா அந்தச் சட்டியைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒதுக்கி வைத்தார். எரிந்துகொண்டிருக்கும்போது ஆறுமுகம் மாமா மூச்சிரைக்க ஓடிவந்தார். நெருப்பைப் பார்த்ததும் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஐயோ தங்கச்சி, சாகலையே அது! மேலதான் கருகும், மண்ணுக்குள்ள உசுரு இருக்கும். அறுத்துவிட்டிருந்தா திரும்பி வந்திருக்குமே!"

அம்மா குச்சியால் நெருப்பைக் கிளறினார்.

மறுநாள் துரையும் கிராணியும் வந்து நின்றார்கள். சீக்கு எப்படி வந்தது என்று துரை கேட்டார். அம்மா ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "கெபுன் அண்ணன் கொண்டாந்த செடியிலயே இருந்திருக்குங்க ஐயா. நான் எரிக்கலன்னா தேயிலைக்குப் பரவியிருக்கும்" என்றார். மாமா குறுக்கே வந்து, அது சாகாத செடி, மறுபடி துளிர்க்கும் செடி என்று சொல்லப் பார்த்தார். கிராணி சிரித்துவிட்டு, "சாம்பல்லேருந்தா துளிர்க்கும்?" என்றார். கூட நின்றவர்களும் சிரித்தார்கள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நானும் சிரித்தேன். தேயிலையைக் காப்பாற்றியதற்காக அம்மாவின் வேலை அந்த இடத்திலேயே நிரந்தரமாயிற்று. தோட்டத்துக்குள் சீக்குச் செடியைக் கொண்டுவந்த ஆளை என்ன செய்வது என்பதைக் கோலாலம்பூர் போயிருக்கும் தன் மனைவி வந்ததும் முடிவு செய்யலாம் என்று துரை சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று வாரம் போயிருக்கும். பந்து உருண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போக, எடுக்கக் குனிந்தவள் அந்தச் சட்டியைப் பார்த்தேன். கூழாங்கற்களுக்கு நடுவில், கருஞ்சிவப்பும் பச்சையுமாக, ஆட்காட்டி விரல் உயரத்துக்கு இரண்டு துளிர்கள் நின்றன. எனக்கு ஒரு கணம் பயமே வந்துவிட்டது, செத்தது எழுந்து நின்றால் யாருக்குத்தான் பயம் வராது. பிறகு வந்த சந்தோஷத்தில் பந்தை விட்டுவிட்டு அம்மாவிடம் ஓடினேன். "அம்மா, மாமா சொன்னது நெசம்! வந்துருச்சி, வந்து பாருங்க!" என்று கையைப் பிடித்து இழுத்து வந்தேன். அம்மாவும் என்னைப் போலவே துள்ளுவார், மாமாவைக் கூப்பிட்டு அனுப்புவார், துரையிடம் போய்க் காட்டுவார் என்றுதான் நான் நினைத்தேன்.

அம்மா பார்த்தார். இடது பக்கம் ஒரு முறை, வலது பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாக மண்டி போட்டார். அந்த முட்டியோடு அவர் மண்டி போட்டு நான் அதுவரை பார்த்ததே இல்லை. இரண்டு துளிரையும் ஒன்றாகப் பிடித்துப் பிடுங்கினார். அதோடு விடாமல், கற்களை விலக்கி, விரலை மண்ணுக்குள் விட்டு, வேரைத் துண்டு துண்டாகத் தோண்டி எடுத்துக் காலடியில் போட்டு நசுக்கினார். நான் கத்தினேனா, அழுதேனா, நினைவில்லை. "மாமா..." என்று மட்டும் சொன்னது நினைவிருக்கிறது.

"மாமாவுக்கு வேற பங்களா கெடைக்கும். எனக்கு வேற முட்டி கெடைக்குமா?" என்றார் அம்மா. பிறகு என் முகவாயை மண் கையால் நிமிர்த்தி, "நீ ஒண்ணும் பாக்கல. புரியிதா?" என்றார்.

புரிந்தது. பத்து வயதில் அது புரிந்ததுதான் எனக்கு ஏற்பட்ட அதிர்ச்சிகளிலேயே பெரியது என்று இப்போது நினைக்கிறேன். அம்மா நல்லவர், எனக்கு வைத்துவிட்டுத்தான் தான் சாப்பிடுவார், பக்கத்து வீட்டில் காய்ச்சல் என்றால் கஞ்சி கொண்டுபோவார். அந்தக் கையேதான் இதையும் செய்தது.

துரையின் மனைவி திரும்பி வந்து மாமாவை வேலையிலிருந்து நிறுத்தச் சொல்லிவிட்டார், ஒரு வாரத்தில் மாமாவின் சாமான்களைக் கோலா தெர்லாவிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு இறங்கிய லோரி ஒன்றில் போட்டார்கள். கிளம்புமுன் எங்கள் வீட்டுக்கு வந்தார். திட்டப் போகிறார் என்று நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவரோ வாசலில் நின்று, "மன்னிச்சிரு தங்கச்சி. என்னால ஒன் பொழப்புக்கே ஆபத்து வரப் பாத்துச்சி" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அம்மா, "பரவால்லண்ணே, போயிட்டு வாங்க" என்றார். ஓடிப்போய்ச் சொல்ல ஒரு நிமிடம் இருந்தது, லோரி கிளம்பும்வரைகூட இருந்தது. நான் சொல்லவில்லை.

அம்மா அந்த நர்சரியில் இருபது வருடத்துக்கு மேல் உட்கார்ந்து வேலை பார்த்தார். அந்த வேலையில்தான் நான் படித்தேன், தையல் கற்றேன், ரிங்லெட்டில் கடை போட்டேன். எங்களுக்குள் அந்தச் சட்டியைப் பற்றி ஒரு வார்த்தை வந்ததில்லை. போன வருடம் அம்மா தவறிவிட்டார். சடங்குக்காகத் தோட்டத்துக்குப் போனபோது பார்த்தேன், நர்சரி இருந்த இடத்தில் இப்போது பிளாஸ்டிக் கூரை போட்டுத் தக்காளி வளர்க்கிறார்கள், லயனில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, மீதியில் வங்காளதேசத்துப் பையன்கள் இருக்கிறார்கள். பங்களா சுற்றுலாக்காரர்கள் தங்கும் விடுதியாகிவிட்டது. வாசலில் பந்தல் இல்லை, கார் நிறுத்துகிறார்கள்.

இரண்டு மாதத்துக்கு முன்பு, உறவினர் கல்யாணத்துக்காக மலைக்கு வந்த ஒரு பெண் ஜாக்கெட் தைக்க என் கடைக்குள் நுழைந்தாள். அளவெடுக்கும்போது பேச்சுக் கொடுத்ததில் அவள் கமலா என்று தெரிந்தது. அப்பா இருக்கிறார், மலைக்குக் கீழே தாப்பாவில் தன்னோடுதான் இருக்கிறார் என்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமையே பஸ் ஏறினேன். அம்மா இருந்தவரை வராத தைரியம் அம்மா போன பிறகு வந்தது, அதிலொன்றும் பெருமையில்லை.

தாப்பாவில் அந்த வீட்டுக்கு முன்னால் நல்ல அகலமான இடம் இருந்தது. முழுவதும் சிமெண்டு. ஒரு துளசிகூட இல்லை. நான் பார்ப்பதைக் கமலா கவனித்துவிட்டாள். "அப்பா செடியத் தொடவே மாட்டாருக்கா. எஸ்டேட்ட விட்டு எறங்குனதுலேருந்து காவலுக்கு நிக்கிற ஜாகா வேலதான் பாத்தாரு. யாராச்சும் செடி குடுத்தாக்கூட வாங்கமாட்டாரு. என் கைல சீக்கு இருக்கு, பட்டா போயிரும்பாரு" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். நான் செருப்பைக் கழற்ற மறந்து நின்றேன். அவர் எங்களைச் சபித்துக்கொண்டிருப்பார் என்று முப்பது வருடமாக நினைத்திருந்தேன். அம்மா சொன்ன பொய்யை அவர் நம்பிவிட்டிருந்தார்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாமாவுக்கு என்னை அடையாளம் தெரிந்தது. "பாப்பா" என்று சிரித்து, அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். போய்விட்டார் என்றதும், "நல்ல பொம்பள, அவளுக்குப் போயி நான் கஷ்டம் குடுத்தேன்" என்றார். அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. அது செடியைக் கொல்லும் சீக்கு இல்லை, உங்கள் கையிலும் எந்தச் சீக்கும் இல்லை, நீங்கள் ஆழமாக வைத்த அந்த ஒன்று திரும்பி வந்தது, அம்மா பிடுங்கிப் போட்டார், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன் என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன்.

அவர் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு, "எத்தன துளிரு?" என்று கேட்டார்.

"ரெண்டு, மாமா."

"ரெண்டு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். கைப்பிடியை ஊன்றி எழுந்து நின்று என்னை நேராகப் பார்த்தார்.

"அன்னிக்கே வந்து சொல்லியிருக்கலாம்ல, பாப்பா. நான் லோரியிலதான உக்காந்திருந்தேன்."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கமலா தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு இரண்டு முறை கதவைத் தட்டினாள். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகும்வரை நான் அங்கே உட்கார்ந்திருந்தேன், அவர் வெளியே வரவில்லை.